போதைப்பொருளும் ஊக்கமருந்து விதியும்: இரவு 11:59 கணக்கு

தமிழில் ஊக்கமருந்து வேறு, போதைப்பொருள் வேறு. விளையாட்டு விதிப்புத்தகத்தில் இரண்டும் ஒரே தடைப்பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் பார்ட்டியில் இழுத்த புகைக்கும் 'ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்' என்றே செய்தி வருகிறது.

பட்டியலைப் போடுவது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா. இந்தியாவில் அதை நடைமுறைப்படுத்துவது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா. 2022இல் வந்த சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. கிரிக்கெட் வீரர்களும் 2019 முதல் நாடாவின் கீழ்தான்.

ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க மூன்று காரணங்களில் இரண்டு இருந்தால் போதும்: ஆட்டத்திறனைக் கூட்டுவது, உடலைக் கெடுப்பது, விளையாட்டின் மாண்புக்கு எதிரானது. கஞ்சா ஓட்டத்தைக் கூட்டாவிட்டாலும் மற்ற இரண்டைக் காட்டி உள்ளே வைத்துவிடலாம். 2022இல் வாடா மறுபரிசீலனை செய்தபோதும் அதுதான் நடந்தது. மதுவோ 2018 முதல் பட்டியலிலேயே இல்லை! மாண்பு என்பது வசதிக்கேற்ப வளைகிற அளவுகோல் என்றே எனக்குப் படுகிறது.

சரி, தண்டனைக்கு வருவோம். 2021 முதல் கொக்கெய்ன், ஹெராயின், எக்ஸ்டஸி, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி ஆகிய நான்குக்கும் தனி விதி. போட்டிக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீரர் நிரூபித்தால் 3 மாதத் தடை. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் 1 மாதமாகக் குறையலாம். நிரூபிக்க வேண்டியவர் வீரர்தான், நாடா அல்ல.

போட்டிக்கு வெளியே என்றால்? பொது விதிப்படி, போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11:59 மணிக்கே 'போட்டி நேரம்' தொடங்கிவிடும். ஞாயிறு காலை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். சனி இரவு 9 மணிக்கு கொக்கெய்ன் எடுத்தவர் 3 மாதம் கேட்கலாம். நள்ளிரவு தாண்டி 12:30க்கு எடுத்தவருக்குக் கணக்கு 4 ஆண்டில் தொடங்குகிறது. ஆட்டத்துக்காக எடுக்கவில்லை என்று காட்டினால் 2 ஆண்டு. ஞாயிறு மாலை கொடுக்கும் சிறுநீரில் இருவருக்கும் அதே பொருள்தான் வரும். அதனால் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் என்பதுதான் விசாரணையில் உருளும்.

கஞ்சாவுக்கு ஒரு வரம்பு உண்டு: சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம். 2013க்கு முன் அது வெறும் 15. முந்தைய வாரப் புகைக்கு இந்த வாரம் மாட்டுவது இதனால் குறைந்தது.

தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் கொடுத்த மாதிரியில் சிக்கினார். ஏப்ரலில் ஐபிஎல் நடுவே ஊர் திரும்பினார், சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தார், ஒரு மாதத் தடையை முடித்துக்கொண்டு மே மாதம் மீண்டும் குஜராத் அணியோடு இருந்தார். பழைய விதியில் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

ஆனால் தடை சின்னதானாலும் பதக்கம் தப்பாது. தனிநபர் போட்டியில் அன்றைய முடிவு தானாகவே ரத்தாகும். அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சன் 2021 ஜூனில் ஒரேகான் மாநிலத்தில் நடந்த ஒலிம்பிக் தேர்வில் 100 மீட்டரை வென்றார். பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு நிருபர் வாயால் கேட்ட துக்கத்தில் கஞ்சா புகைத்ததாகச் சொன்னார். ஒரேகானில் அது சட்டப்படி குற்றமே இல்லை. ஒரு மாதத் தடை டோக்கியோவின் 100 மீட்டருக்கு முன்பே முடிந்தும்விட்டது. தேர்வு ஓட்டமே செல்லாது என்றான பிறகு, அந்த இடம் போனது போனதுதான்.

நம் நாட்டில் நிலைமை வேறு. கஞ்சாவும் கொக்கெய்னும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வருபவை. அந்த வழக்குக்கும் நாடா விசாரணைக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சட்டத்தின் 'கஞ்சா' வரையறையில் தனி இலை வராது, ஆகவே ஹோலிக்கு அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்க் குடிக்கும் வழக்கம் வடக்கே நீடிக்கிறது. ஆய்வகத்துக்கு அந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. பாங்கிலும் டிஹெச்சி இருக்கிறது.

அப்புறம், இன்னொன்று. அந்த 3 மாதத் தடை வாங்கியவர் பின்னாளில் வேறு மருந்தில் மாட்டினால், முந்தையது 'முதல் குற்றமாக' எண்ணப்படாது. விதி எழுதியவர்களுக்கே இது ஊக்கமருந்து இல்லை என்று தெரிந்திருக்கிறது; பட்டியலிலிருந்து எடுக்கத்தான் மனம் வரவில்லை.

நோட்டீஸ் வந்தால் 'பி' மாதிரியை, அதாவது அதே சிறுநீரில் தனிக் குப்பியில் எடுத்துவைத்த இரண்டாவது பங்கை, சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு. கெடு தேதி கடிதத்திலேயே இருக்கும். சிகிச்சைத் திட்டம் பற்றி அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.