அந்த லாக் ஃபைல் குப்பை இல்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. "ரீப்போ கெட்டுப்போச்சு, கொஞ்சம் பாருங்க." ரீப்போ என்பது, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் சேமிப்பிடம். போய்ப் பார்த்தால், கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். அதன் முதல் வரியே இன்டெக்ஸ்.லாக் ஃபைலை, அதாவது ஒரு வேலை நடக்கும்போது இன்னொன்று குறுக்கே வராதபடி கிட் போடும் பூட்டை, ஆர்எம் கட்டளை போட்டு அழிப்பதுதான். யார் எழுதியது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.

லாக் ஃபைல் இருக்கிறதென்று கிட் நின்றுபோனால், அது எப்போதோ செத்துப்போன வேலையின் மிச்சம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சில சமயம் அப்படித்தான், மறுக்கவில்லை. கிட்டின் பிழைச் செய்தியே அழிக்கலாம் என்கிறது. ஆனால் அதற்கு முன்னால், வேறு எந்த கிட் வேலையும் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. ஸ்கிரிப்டுக்கோ படிக்கவே தெரியாது.

அழித்தால் என்ன ஆகும்? இன்டெக்ஸ் என்பது அடுத்த கமிட்டில் (மாற்றங்களின் ஒரு பதிவு) சேரப்போவதன் பட்டியல். கிட் அதை நேராகத் திருத்துவதில்லை. புதியதை இன்டெக்ஸ்.லாக்கில் எழுதி முடித்து, இன்டெக்ஸ் என்று பெயர் மாற்றும். முதல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வந்து லாக்கை அழிக்கிறது. அதே பெயரில் தன்னுடையதைத் தொடங்குகிறது. முதலாவது முடிந்து பெயர் மாற்றுகிறதே, அது யாருடைய ஃபைல்? இரண்டாவது பாதி எழுதி வைத்திருப்பது. செக்சம் (ஃபைல் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் "இன்டெக்ஸ் ஃபைல் கரப்ட்" என்று வந்து நிற்பது இப்படித்தான்.

ஃபைல் பழசா என்று நேரத்தைப் பார்த்து அழிப்பதும் உதவாது. ஒருவர் கமிட் -ஏ (மாறிய ஃபைல்களைச் சேர்த்துப் பதியும் கட்டளை) போட்டு, செய்தி எழுத எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அவர் திரும்பி வந்து மூடும்வரை லாக் அங்கேயேதான் இருக்கும். உயிரோடுதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்கிரிப்டை எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் பூட்டு) கட்டளைக்குள் ஓட்டுங்கள், -டபிள்யூ போட்டு இத்தனை விநாடி காத்திரு என்று சொல்லுங்கள். அதற்கென்று தனி ஃபைல் வையுங்கள். கிட்டின் லாக்கைத் தொடாதீர்கள். ப்ராசஸ் செத்தால் இயங்குதளத்தின் கர்னலே எஃப்லாக்கை விடுவித்துவிடும், துடைக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் எஃப்லாக் உங்கள் ஸ்கிரிப்டுகளுக்கு இடையில்தான் காவல். அதே டைரக்டரியில் கையால் கமிட் போடும் மனிதருக்கு அது தெரியாது. ஸ்கிரிப்டுக்குத் தனி வொர்க்ட்ரீ (அதே ரீப்போவின் இன்னொரு வேலை டைரக்டரி) கொடுத்துவிடுங்கள். 2015இல் கிட் 2.5 பதிப்பிலேயே வந்த வசதி; ஒவ்வொன்றுக்கும் தனி இன்டெக்ஸ், தனி ஹெட் (இப்போது எந்தக் கமிட்டில் நிற்கிறோம் என்ற குறி).

அப்புறம், என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் அந்த அப்பாவி ஸ்டேட்டஸ் கட்டளை. வெறுமனே பார்ப்பதுதானே என்று நினைக்காதீர்கள், அதுவும் இன்டெக்ஸைப் புதுப்பிக்க லாக் எடுக்கும். சும்மா கண்காணிக்கும் ஸ்கிரிப்டில் கிட்_ஆப்ஷனல்_லாக்ஸ் என்ற சூழல் மாறிக்கு 0 கொடுங்கள்; தேவையில்லாத பூட்டை அது எடுக்காது. 2.15 முதல் வேலை செய்கிறது. புஷ் (நம் கமிட்டுகளைப் பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்புவது) நிராகரிக்கப்பட்டால் ஃபெட்ச் செய்து (அங்கே புதிதாய் இருப்பதை இறக்கி), ரீபேஸ் செய்து (நம்முடையதை அதன்மேல் அடுக்கி), இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு நின்றுவிடட்டும். ஸ்கிரிப்டுக்குள் ஃபோர்ஸ் (அங்கிருப்பதை வலுக்கட்டாயமாக மாற்றி எழுதுவது) வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே இன்டெக்ஸ் கெட்டுவிட்டதா? முதலில் கிரானை நிறுத்துங்கள். ஓடும் கிட் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்டெக்ஸை வேறு இடத்துக்கு நகர்த்தி, கிட் ரீசெட் கொடுங்கள் (இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும்), உங்கள் ஃபைல் மாற்றங்களையும் அழித்துவிடும் ஹார்ட் சேர்க்காமல். டைரக்டரியில் இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஸ்டேஜ் செய்ததை (அடுத்த கமிட்டுக்கென்று இன்டெக்ஸில் சேர்த்ததை) கிட்டின் சோதனைக் கட்டளையான எஃப்எஸ்சிகே லாஸ்ட்-ஃபவுண்ட் போட்டுத் தேடலாம். பெயர் இருக்காது, உள்ளடக்கம் இருக்கும். தேடி எடுக்கும்வரை யாரும் ப்ரூன் (எதனோடும் சேராத தரவை அழிக்கும் கட்டளை) பக்கம் போகாதீர்கள்.