மாரியில் சுவர் ஏன் வியர்க்கிறது?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பில் முக்கால்வாசி வீடுகளில் யன்னல் சாத்தியபடிதான். சாரல் அடிக்கும், வாடைக்காற்று பட்டால் பிள்ளைக்குத் தடிமன் வரும் என்ற பயம். ஆனால் தடிமன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும், இழுப்புக்காரருக்கு மூச்சு முட்டுவதும் அடைத்த அறைக்குள்தான் அதிகம்.

வெளிக்காற்று ஈரமானது, அதை ஏன் உள்ளே விடவேண்டும் என்று கேட்கலாம். 24 பாகை செல்சியஸில் 90 வீத ஈரப்பதனோடு இருக்கும் மழைக்காற்றில், கன மீற்றருக்கு ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். அது வீட்டுக்குள் வந்து 27 பாகைக்குச் சூடானால், அதே காற்று 26 கிராம்வரை தாங்கும். ஈரப்பதன் 76 வீதமளவுக்கு இறங்கிவிடும். அந்த இடைவெளியில் அறையின் ஈரத்தை எடுத்துக்கொண்டு அது வெளியேறும். யன்னலை அடைத்தால் இது நடக்காது. நாம் விடும் மூச்சு, குசினி ஆவி, அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட உடுப்பு எல்லாமே உள்ளேயே தங்கும்.

பூஞ்சணத்தின் வித்திகள் எப்போதும் காற்றில் உண்டு. சுவர் ஓரத்தில் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் முளைத்துவிடும். அலுமாரியை இழுத்துப் பாருங்கள், பின்பக்கச் சுவரில்தான் கறுப்புப் புள்ளி முதலில் வந்திருக்கும். அங்கே காற்று அசையாது, சுவரும் குளிர்ந்திருக்கும்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் நிலத்தடி நீர் மேலேறி அத்திவாரத்தைத் தொடும். செங்கல்லின் நுண்துளைகள் அதை உறிஞ்சி முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிடும். நீர் காய, அதோடு வந்த உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும். சோற்றுப்பு, ஈரப்பதன் 75 வீதத்தைக் கடந்தால் காற்றிலிருந்தே நீரை இழுக்கும். குசினியில் உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். அதனால் மழை விட்ட பிறகும் சுவர் நனைந்தே கிடக்கும். மேலே பெயின்ற் அடிப்பது காசுக்குக் கேடு. அடுத்த மாரிக்குள் உரிந்து விழும். வீடு கட்டும்போதே மேசன்மார் டி.பி.சி. என்று சொல்லும் ஈரத்தடையை அத்திவாரத்தின் மேல் ஒழுங்காகப் போடுவிப்பதுதான் வழி.

கட்டி முடித்த வீடென்றால்? அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உடுப்பை விறாந்தையில் காயப்போடுங்கள். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்தபடி தட்டவேண்டாம், வித்தி அறையெல்லாம் பறக்கும். மூக்கு வாயை மூடிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை உலரவிடுங்கள்.

அப்புறம், நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிய 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள் வெளிவருவதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அடைத்த அறையில் கைக்குழந்தை பக்கத்தில் அதைக் கொளுத்தவே கூடாது, வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிள்ளை பகலில் உறங்கும்போதும் வலை வேண்டும்.