உங்கள் படிவத்தை நிரப்பியவர் யார்?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணி நான். என் மேசைக்கு வரும் கோப்புகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். விண்ணப்பத்தை யாரோ ஒருவர் நிரப்பியிருப்பார், காசும் வாங்கியிருப்பார். ஆனால் அவருடைய பெயர் ஒரு தாளிலும் இருக்காது. நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு குடும்பம் அவரைத் தேடும். அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லவோ, உங்கள் சார்பில் விண்ணப்பிக்கவோ சிலருக்குத்தான் அனுமதி உண்டு. மாகாணச் சட்டச் சங்கத்தில் உரிமம் பெற்ற சட்டத்தரணிகளும் பராலீகல்களும் (சட்டத்தரணி அல்லாத, குறிப்பிட்ட சில சட்ட வேலைகளுக்கு மட்டும் உரிமம் பெற்றவர்கள்), கியூபெக் நொத்தாரிசுகளும், 2021 நவம்பரில் தொடங்கிய ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர்களும்தான் அவர்கள். ரிக்கற் விற்பவருக்கும் வரிக்கணக்குச் செய்பவருக்கும் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அலுவலகம் வைத்திருக்கும் ஏஜென்றுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்புக்குக் காசு வாங்கலாம், ஆலோசனைக்கு வாங்க முடியாது. உங்கள் மாமாவோ அக்காவோ காசு வாங்காமல் பிரதிநிதியாக நிற்கலாம். ஆனாலும் அவர்கள் பெயரைப் பிரதிநிதிப் படிவத்தில் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஆட்கள் ஏன் இப்படி நம்பினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. 1983க்குப் பிறகு வந்து இறங்கியவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்த அண்ணாமார் பக்கத்தில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த உதவியால் இந்த மண்ணில் காலூன்றிய குடும்பங்கள் பல. அதே நம்பிக்கையைச் சிலர் இன்று தொழிலாக்கியிருப்பதுதான் எனக்குக் கோபம்.

விளைவு சின்னதல்ல. இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பிரித்தானியா மறுத்திருக்கும். “அதைச் சொன்னால் கிடைக்காது” என்று நிரப்புபவர் ‘இல்லை’ போட்டுவிடுவார். அதிகாரி கண்டுபிடித்தால் அது 40ஆம் பிரிவின்கீழ் பொய்த் தகவல். ஐந்து வருடத் தடை. “எனக்குத் தெரியாது, அவர்தான் நிரப்பினார்” என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையின் பெயரையோ, இடையில் நடந்த கல்யாணத்தையோ மறைத்து வந்து இறங்கியவர்கள் பிறகு அதே பிள்ளையையோ துணையையோ ஸ்பொன்சர் செய்ய முடியாமல் வருடக்கணக்காகத் தவிப்பதையும் பார்க்கிறேன். எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் உரிமையைப் படிவம் நிரப்புபவரிடம் ஒருநாளும் விடாதீர்கள். முழுப் படிவத்தையும் உங்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒருவரைச் சந்திக்கப் போகுமுன் அவருடைய பெயரை ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பதிவேட்டிலோ, ஆலோசகர் என்றால் அவர்களுடைய அமைப்பின் பதிவேட்டிலோ தேடுங்கள். இரண்டும் இலவசம். உரிமம் இப்போதும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். அவர் எதுவரை வரலாம் என்பதையும் கேளுங்கள். குடிவரவு விடயங்களில் ஒன்ராறியோ பராலீகல், அகதிக் கோரிக்கைகளையும் குடிவரவு மேன்முறையீடுகளையும் விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபையின் முன் மட்டுமே உங்களுக்காகத் தோன்றலாம். ஆலோசகர் அங்கே தோன்ற அதற்கென்ற தனி உரிமம் வேண்டும். சமஷ்டி நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட சட்டத்தரணியால் மட்டுமே முடியும்.

இது ஏன் முக்கியம் என்றால், நாள் போய்விடும். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக 15 நாள்தான். வெளிநாட்டு விசா அலுவலக முடிவென்றால் 60 நாள். கனடாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்த கணவன், மனைவி ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு 30 நாள். “திரும்பப் போடுவம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இந்த நாட்கள் கடந்த பிறகு வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது குறைவு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி பி.ஆர் அட்டை, அதாவது நிரந்தர வதிவிட அட்டை பற்றியது. அட்டை காலாவதியானால் வதிவிட உரிமை போகாது. உரிமை தங்கியிருப்பது ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா என்பதில். வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை முடிந்தால், விமானம் ஏற நிரந்தர வதிவாளர் பயண ஆவணம் எடுக்க வேண்டும். நாள் குறைந்திருந்தாலும் கதை முடிவதில்லை, மனிதாபிமானக் காரணங்களையும் அதிகாரி பார்க்க வேண்டும். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க ஊரில் நின்றுவிட்டீர்களா? வைத்தியசாலைக் கடிதங்களையும் பயண விபரங்களையும் அன்றே சேர்த்து வையுங்கள். அந்தக் கடிதாசிகள்தான் பிறகு உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்றைக் கவலையோடு சொல்கிறேன். 2018 டிசம்பர் 18 முதல் மதுபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 வருடம். அபராதத்தோடு முடிந்தாலும், குடியுரிமை எடுக்காத ஒருவருக்கு அது குடிவரவுச் சட்டத்தில் கடுமையான குற்றமாகி, நாடு கடத்தல்வரை போகலாம். இரவு விருந்து முடிந்து பிடிபட்ட எங்கள் பெடியன்கள் பலர், குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். ஒப்புக்கொள்ளுமுன் குற்றவியல் சட்டத்தரணியும் குடிவரவுச் சட்டத்தரணியும் ஒருவரோடொருவர் கதைக்க வேண்டும்.

காசு இல்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் குறைந்த அகதிக் கோரிக்கையாளர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு சட்டத்தரணியின் செலவை ஏற்கும். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம்வரை இலவச ஆலோசனை கிடைக்கும். யாரிடம் போனாலும் எழுத்தில் ஒப்பந்தமும் ரசீதும் கேளுங்கள். விசா கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி சொல்பவரிடம் கையெழுத்துப் போடாமல் எழும்பி வாருங்கள். விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் அனுப்பிய ஆவணங்களின் பிரதிகளும் உங்களிடம் இருக்கட்டும்.

முதல் சந்திப்புக்கு வரும்போது கடவுச்சீட்டுகளையும் பழைய விண்ணப்பப் பிரதிகளையும் கொண்டு வாருங்கள். மறுப்புக் கடிதம் தபாலில் வந்ததென்றால் உறையோடு, மின்னஞ்சலில் வந்ததென்றால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் கொண்டு வாருங்கள். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நாங்கள் நாட்களை எண்ண வேண்டும்.