ஹோகன் பங்கு எவ்வளவு, மக்மேன் பங்கு எவ்வளவு?

டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “2025 ஜூலையில் ரெஸ்லிங் வீரர் ஹல்க் ஹோகன் செத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். ஹோகனால்தான், அவரை வைத்து ஷோ நடத்திய வின்ஸ் மக்மேன் பணக்காரரானார் என்கிறார் மாமா. மக்மேன் இல்லாவிட்டால் ஹோகனை யாருக்குத் தெரியும் என்கிறான் தம்பி. இதற்குக் கணக்கு ஏதாவது உண்டா?”

உண்டு. இந்த ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி முடித்த விஷயம். இ டிவியில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள் தோற்பதால்தான் இந்தத் தொழிலில் ஒரு நட்சத்திரம் உண்டாகிறது. யார் யாரிடம் தோற்பது என்று தீர்மானிப்பவர், ஷோ நடத்தும் ப்ரொமோட்டர். ஜனம் கரித்துக்கொட்டும் வில்லன் ஒருவனை வளர்த்து, கடைசியில் நம் ஆளிடம் விழவைப்பார். 1980களில் நம் நாட்டு அவமானமும் இதற்குச் சரக்கானது. நிறவெறியை ஆதரிக்கும் தென்னாப்பிரிக்கராக, ‘கர்னல் டி பியர்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்க ரிங்குகளில் வந்தவர் எட் விஸ்கோஸ்கி. ஆள் அசல் அமெரிக்கர்!

ஆனால் ஜெயிக்கவைத்த எல்லோரும் ஹோகன் ஆகிவிடவில்லை. உடம்பு, குரல், மைக்கைப் பிடித்தால் அரங்கமே எழுந்து நிற்பது, இதெல்லாம் ஆளிடம் இருக்க வேண்டும். “எல்லாம் ஜாதக விசேஷம்” என்று சொல்ல நம்மவர்களில் ஆளுண்டு. அப்படிச் சொன்னதும் யோசிக்கும் வேலை முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

1982இல் மக்மேன் தன் தந்தையின் கம்பெனியை வாங்கினார். வேறொரு கம்பெனியில் ஏற்கெனவே கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த ஹோகனை அழைத்துவந்து, 1984 ஜனவரி 23 அன்று நியூயார்க்கில் அப்போதைய சாம்பியன் அயர்ன் ஷேக்கைத் தோற்கடிக்கவைத்துச் சாம்பியனாக்கினார். மறு வருசமே ரெஸ்ல்மேனியா என்ற பெரிய ஷோ முதல்முறையாக நடந்தது. இருவர் சேர்ந்து சம்பாதித்ததில் யாருக்கு எவ்வளவு?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. 1953இல் லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர் வெளியிட்டது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக அறைக்குள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே வரும்போது வருமானம் எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த வரிசையில் வர முடியுமோ அத்தனைக்கும் இப்படிக் குறித்து, சராசரி எடுத்தால் அதுவே அவர் பங்கு.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மண்டபம். ப்ரொமோட்டர் தனியாக ஷோ நடத்தினால் 100 ஆயிரம் ராண்ட். நட்சத்திரம் தனியாக நின்றால் 20 ஆயிரம். இருவரும் சேர்ந்தால் 300 ஆயிரம். ப்ரொமோட்டர் முதலில் வந்தால் அவரால் வந்தது 100. பின்னால் வந்தால் 280. சராசரி 190. நட்சத்திரத்துக்கு 20, அல்லது 200, சராசரி 110. மாமா, தம்பி இருவருக்கும் இதுவே பதில். சேர்ந்ததால் கூடுதலாக வந்த 180 ஆயிரத்தை யார் உண்டாக்கினார் என்று கேட்டால், ஆளுக்குப் பாதி.

இப்போது ஊருக்குள் அதே வசதியுள்ள இரண்டாவது ப்ரொமோட்டர் வரட்டும். நட்சத்திரம் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் ஆட முடியும்; மற்றவருக்கு அதே 100தான். ஆறு வரிசைகளையும் போட்டுப் பாருங்கள்: நட்சத்திரத்தின் பங்கு 140க்கு ஏறுகிறது, ப்ரொமோட்டர்கள் பங்கு தலைக்கு 130க்கு இறங்குகிறது. ஒரு பிடியும் புதிதாகக் கற்காமல், ஒரு பைசா முதல் போடாமல், 30 ஆயிரம் கூடுதல்! முதல்முறை இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

செயற்கை நுண்ணறிவு ஒரு முடிவை எடுத்தால், அதில் எந்தத் தகவலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவும் இன்று இதே சூத்திரம் பயன்படுகிறது. “மூன்று வருசத்தில் என்ன பலன்?” என்று கேட்டு ஆராய்ச்சி மானியத்தை மறுப்பவர்களிடம் 1953ஐக் காட்ட வேண்டும்.

அந்த இரண்டாவது ப்ரொமோட்டர் நிஜத்திலும் வந்தார். டெட் டர்னரின் ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூ 1994இல் ஹோகனைக் கொத்திக்கொண்டு போனது. பணத்தோடு, தன் கதை எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் ஒப்பந்தத்தில் அவருக்குக் கிடைத்தது. வினை அங்கேதான். 1987இல் ஆந்த்ரே த ஜயன்ட் ஹோகனிடம் தோற்றதால்தான் ஹோகன் இன்னும் பெரியவரானார். அந்த அரங்கில் 93,173 பேர் என்று கம்பெனி அறிவித்தது. உச்சியில் இருப்பவர் தோற்க மறுத்தால், அடுத்த நட்சத்திரம் எங்கிருந்து வரும்? மக்மேனோ அதற்குள் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற அடுத்த நட்சத்திரத்தை வளர்த்துவிட்டார். நட்சத்திரம் ஓடிப்போனாலும் கையில் நிற்கும் அந்த 100 ஆயிரத்தை உயர்த்திக்கொள்ளும் வழி அது.

2001 மார்ச்சில் மக்மேன் டபிள்யூசிடபிள்யூவையே வாங்கினார். சந்தையில் மறுபடி ஒரே பெரிய ப்ரொமோட்டர். 2002இல் ஹோகன் அவரிடமே திரும்பி வந்தார். மார்ச் 17 அன்று டொராண்டோவில், ரெஸ்ல்மேனியா மேடையில், த ராக் என்ற இளைய வீரரிடம் தோற்றார்.