அங்கே நடந்த சித்திரவதைக்கு இங்கே வழக்கு

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் கூழுக்கு நின்ற இலங்கைத் தமிழர் ஒருவர், தனக்குப் பின்னால் ஒரு குரலைக் கேட்டார். மறுநாள் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தபோதும் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அவன்தான் அக்கா, என்னைக் கட்டித் தொங்கவிட்டவன். அங்க நடந்ததுக்கு இங்க கேஸ் போடலாமோ?"

அன்று காலை அவர் போன போலீஸ் ஸ்டேஷனில், உன் நாட்டில் போய்ச் சொல் என்று அனுப்பிவிட்டார்களாம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

போடலாம். தென்னாப்பிரிக்காவின் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் 2013 ஜூலை 29 முதல் அமலில் இருக்கிறது. குற்றம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும், செய்தவர் இந்த மண்ணில் இருந்தால் இங்குள்ள நீதிமன்றத்தில் அவர்மீது வழக்கு நடத்தலாம். ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்று தப்பிக்க முடியாது. அந்த ஆள் சீருடைக்காரர் இல்லை, முகாமில் ராணுவத்தோடு நின்றவர். அதிகாரிகளின் சம்மதத்தோடு செய்தவரையும் சட்டம் விடாது.

சிக்கல் தேதியில் இருந்தது. அவருக்கு நடந்தது 2010இல். சட்டம் வருமுன் நடந்ததற்கு அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்ட முடியாது. அப்புறம் இருப்பது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தை உள்நாட்டுச் சட்டமாக்கிய 2002ஆம் வருடச் சட்டம். அது அந்த வருடம் ஆகஸ்ட் 16 முதல் நடந்தவற்றுக்குப் பொருந்தும். ஆனால் ஒருவர் அடி வாங்கினார் என்று காட்டினால் போதாது. பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடந்த தாக்குதலின் பகுதி அது என்றும் நிரூபிக்க வேண்டும். பாரம் பெரியது. எந்தச் சட்டத்தில் போனாலும், வழக்குத் தொடர அரசு வழக்குத் துறையின் தேசியத் தலைவர் சம்மதிக்க வேண்டும்.

ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். 2007 மார்ச்சில் ஹராரேயில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்த ஜிம்பாப்வே போலீஸ், பிடித்துக்கொண்டு போனவர்களைச் சித்திரவதை செய்ததாகப் புகார். இங்குள்ள போலீஸ் அதை விசாரிக்க மறுத்தது. 2014 அக்டோபர் 30 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், விசாரிப்பது போலீஸின் கடமை, போலீஸ் விசாரணையைத் தொடங்கக் குற்றவாளி இங்கே இருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. குற்றம் நடந்த நாடே நேர்மையாக விசாரிக்கிறது என்றாலோ, இங்கிருந்து விசாரிப்பது நடைமுறையில் முடியாது என்றாலோதான் போலீஸ் விலகலாம். எழுத்தில் புகார் கொடுங்கள், கேஸ் நம்பர் கேட்டு வாங்குங்கள்.

ஆளைப் பார்த்துவிட்டால் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஃபேஸ்புக்கில் படம் போடவே போடாதீர்கள், அன்றிரவே விமானம் ஏறிவிடுவார். பார்த்த இடம், நேரம், கூட இருந்தவர்கள், வண்டி நம்பர், இவற்றைக் குறித்துக்கொண்டு வக்கீலிடம் வாருங்கள். தழும்பு ஆறியிருந்தாலும், இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதைத் தடயங்களைப் பரிசோதித்துப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி) தெரிந்த மருத்துவர் பார்த்து அறிக்கை எழுத முடியும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு ஒன்று. அகதி விண்ணப்பத்தில் அவசரத்தில், அரைகுறை மொழிபெயர்ப்பில் சொன்னது ஒன்றாகவும், இப்போது சொல்வது வேறாகவும் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். பழைய விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவாருங்கள், வித்தியாசம் ஏன் வந்தது என்று முதலிலேயே எழுதிவிடலாம். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

அவருடைய பிரமாணப் பத்திரத்தை ஆறு தடவை உட்கார்ந்து எழுதினோம். பதினான்காம் பத்தியில் ஒரே ஒரு வரிதான்: "இதன் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை." அதை அப்படியே விட்டிருக்கிறேன்.