கொக்கு வெள்ளையாக இருக்கிறதா?

நாகர்கோவிலில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜோடியைத் தேரூர் குளத்துப் பக்கம் கூட்டிப்போய் எடுத்தேன். கார்த்திகை மாதம். கும்பப்பூ பயிர், அதாவது இரண்டாம் போக நெல், பச்சைப்பசேலென்று நின்றது. "அண்ணா, வெளிநாட்டுப் படத்துல வருமே, மரமெல்லாம் ஆரஞ்சா, அந்தக் கலர் வேணும்" என்றாள் பெண். எனக்கும் ஆசைதான். ஒரே தட்டில் படத்தின் நிறத்தை மாற்றும் பிரீசெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன், அதைத் தட்டினேன். குளக்கரை மொத்தமும் செம்பட்டையாகிவிட்டது.

ஆல்பம் கொடுக்கப் போன அன்று பெண்ணின் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "என்ன மக்களே, வயலெல்லாம் இப்படிக் கரிஞ்சு கெடக்கு? சானல்ல தண்ணி விடலியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவசாயம் பார்த்த கண்ணுக்கு அது தண்ணீரில்லாமல் செத்த பயிர்தானே.

நம்மூரில் மேப்பிள் கிடையாது, சரி. அதற்காக நிறமே இல்லை என்று யார் சொன்னது? நாட்டு வாதுமை, அதுதான் நாம் பாதாம் மரம் என்று சொல்வது, உதிர்க்கும் முன் இலையை ரத்தச் சிவப்பாக்கும். பச்சையம் குறையக் குறைய மறைந்திருந்த மஞ்சள் தெரியும். சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. அதனால் ஒரே கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். பூவரசு இலை வெறும் மஞ்சளோடு விழுந்துவிடும். மொத்தத் தோட்டமும் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் குலசேகரம், சிற்றாறு பக்கம் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை பழுத்துக் கொட்டும். கொஞ்ச நாளில் வரும் தளிரும் செம்பு நிறம்தான். பழுத்த இலையா தளிரா என்று படத்தில் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே ஆரஞ்சாக்கினால் அந்த வித்தியாசம் போய்விடும்.

என் கையில் இப்போதும் இருக்கும் ஒரு தோல்விப் படத்தைச் சொல்கிறேன். தாமரை இலை மேல் ஒரு வாதுமை இலை விழுந்து கிடந்தது. பாதி சிவப்பு, நரம்பு மட்டும் மஞ்சள், நடுவில் ஒரு சொட்டுப் பனி. கேமராத் திரையில் பிரமாதமாக இருந்தது. வீட்டில் திறந்தால் சிவப்புப் பகுதி பிளாஸ்டிக் மாதிரி. நரம்பு ஒன்றுகூட இல்லை. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான பொது ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் இருந்தது. சிவப்பு நிறத்துக்கான சேனல் மட்டும் வலது ஓரத்தில், அதாவது அளவு மீறிய வெளிச்சத்தில், போய் முட்டி நின்றது. அன்று முதல் மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்கிறேன். சிவப்பு இலை என்றால் வெளிச்சத்தை அரை ஸ்டாப்பாவது குறைத்துத்தான் எடுப்பேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்துவிட்டு, காணாமல் போன நரம்பைத் தேடாதீர்கள், வராது.

ஈர இலையும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டித் திருகும் கண்ணாடி, வேண்டும். இலை மேல் படியும் வெள்ளைப் பளபளப்பு போனாலே உள்ளே இருக்கும் நிறம் வந்துவிடும். எடிட்டிங்கில் பாதி வேலை மிச்சம். ஆனால் முழுக்கத் திருகினால் குளத்தில் விழும் மரத்தின் நிழலுருவமும் சேர்ந்து போய்விடும். திருகிக்கொண்டே பார்த்து நடுவில் நிறுத்துங்கள். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் குறையும், காலையில் டிரைபாட் இல்லாமல் கஷ்டம். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடிகாலை மஞ்சளை அதுவே "சரி" செய்துவிடும். நான் பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வினில் வைத்துவிடுவேன்.

எடிட்டிங்கில் நிறத்தின் அடர்த்தியை ஏற்றி இறக்கும் சாச்சுரேஷனைத் தொடுவதே இல்லை. சிவப்பை ஏற்றுவதற்குப் பதில் பச்சையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும், சிவப்பு தானாக முன்னால் வரும். பச்சையின் ஹியூவை, அதாவது நிறச்சாயலை, மஞ்சள் பக்கம் தள்ளும்போதுதான் வயல் கரிகிறது. அந்த ஸ்லைடரில் நான் கை வைப்பதில்லை. ஆரஞ்சு ஸ்லைடரில் ஆள் முகமும் மாட்டும். பெண்ணுக்கு மஞ்சள் பூசியது போலாகிவிடும். அப்புறம் ஒரு சோதனை: படத்தில் எங்காவது கொக்கு நிற்கிறதா பாருங்கள். கொக்கு பீச் பழ நிறத்தில் இருந்தால் கை எல்லை மீறிவிட்டது.

இதை இவ்வளவு சொல்வதற்கு ஆச்சி மட்டும் காரணமில்லை. சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதன்பிறகு ஒருவர், ஆகாயத்தாமரை முன்பு எவ்வளவு பரவியிருந்தது என்று ஒப்பிட என் பழைய படங்களைக் கேட்டார். படத்தில் குளம் நிறைய ஆரஞ்சுப் பாசி மாதிரித்தான் இருந்தது. எது ஆகாயத்தாமரை, எது தாமரை, எது கரைப் புல் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டுமென்று ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிந்த மூலப் படங்களை, அழித்திருந்தேன். இப்போது நிறம் மாற்றிய படம் எதுவாக இருந்தாலும் கீழே அதை எழுதிவிடுகிறேன்.

டிரோனைப் பறவைகள் தங்கும் காலத்தில் அங்கே எடுத்துப் போக வேண்டாம். கூட்டமாக எழுந்து பறந்தால் படம் அழகாக வரும், உண்மை. அவை இரை தேடும் நேரம் நம்மால் போகும்.

சிற்றாறு பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இலை கொட்டத் தொடங்கினால் போன் செய்வார். போன வருடம் அவர் கூப்பிட்டு நான் நான்கு நாள் தாமதமாகப் போனேன். மரமெல்லாம் மொட்டை, தரை முழுக்கச் சருகு.