தீர்மானம் போட்டாச்சு, ஆட்சேபனை எங்கே?

போன வாரம் ஒரு வேன் நிறைய ஆட்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம், கோர்ட்டில் தடை வாங்கித் தர வேண்டுமாம். பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து லேமினேஷன் செய்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். கிராம சபைத் தீர்மானம். "ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை வக்கீல் சார். இதுக்கு மேல எப்படிச் சேர்ப்பாங்க?"

ஆட்சேபனை மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான் தீர்மானம் இருக்கே சார்."

ஆட்சேபனை கொடுக்கும் கெடு முடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

இதே கதையோடு என்னிடம் வரும் நான்காவது ஊர் இது. அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் ஊரின் கருத்து, அவ்வளவுதான். அதைக் காட்டி அரசின் கையைக் கட்ட முடியாது. 'அரசமைப்புச் சட்டமே கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதே' என்பார்கள். 243ஏ பிரிவை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். மாநிலச் சட்டம் என்ன அதிகாரம் தருகிறதோ அதைத்தான் கிராம சபை செலுத்தலாம் என்கிறது அது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நகரத்தோடு சேர்ப்பதைத் தடுக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தரவில்லை.

அடுத்து நியம்கிரி. எல்லாரும் வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறார்கள். 'ஒடிசாவில் பன்னிரண்டு கிராம சபை சேர்ந்து ஒரு மலையையே சுரங்கத்திடமிருந்து காப்பாத்தலையா?' காப்பாற்றியது, 2013இல். ஆனால் அங்கே உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் முடிவைக் கேட்கச் சொன்னது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை வைத்து. அது பழங்குடி மக்களின் வன உரிமை, வழிபாட்டு உரிமை பற்றிய வழக்கு. உங்கள் ஊரில் காடும் இல்லை, அந்தச் சட்டத்துக்கு வேலையும் இல்லை. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு நான் நீதிபதி முன்னால் போய் நின்றால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

எந்தப் பகுதி நகராட்சி, எது மாநகராட்சி என்று அறிவிப்பது 243கியூ பிரிவின்படி ஆளுநர், அதாவது நடைமுறையில் மாநில அரசு. 1989லேயே மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இப்படி எல்லை வகுப்பது சட்டம் இயற்றுவதைப் போன்ற வேலை, சட்டத்தில் உள்ள நடைமுறைக்கு மேல், எங்களைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. அப்படியென்றால் நமக்கு மிஞ்சுவது அந்த நடைமுறைதான். உத்தேச அறிவிப்பு, ஆட்சேபனைக்குக் கெடு, பரிசீலனை. இதில் நீங்கள் கால் வைக்க இருக்கும் ஒரே படி ஆட்சேபனை.

வக்கீல்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாதிரி ரிட் மனுக்களில், அதாவது அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுக்களில், பெரும்பாலும் கிடைப்பது, 'மனுதாரரின் ஆட்சேபனையைச் சட்டப்படி பரிசீலிக்கவும்' என்ற உத்தரவுதான். ஆட்சேபனையே கொடுக்கவில்லை என்றால் எதைப் பரிசீலிப்பது? லேமினேஷனையா?

2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2025 தொடக்கத்தில் வந்த அறிவிப்புகளில் 16 மாநகராட்சிகளோடு சேர்க்கப் பட்டியலிட்ட ஊராட்சிகள் மட்டும் 149. பக்கத்து ஊருக்கு வந்தது உங்கள் ஊருக்கு வராது என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மனுவில் என்ன எழுதுவது? 'எங்கள் ஊர் ஒற்றுமையான ஊர், தாயா பிள்ளையாப் பழகுகிறோம், திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே வரி போடுகிறோம்' என்று நான்கு பக்கம் எழுதிவருகிறார்கள். படிக்கும்போது எனக்கே கண் கலங்கும். கோப்பு பார்க்கும் அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 243கியூ சில அளவுகோல்களைச் சொல்கிறது: மக்கள் தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். அதற்குப் பதில் எழுதுங்கள். எத்தனை குடும்பம் விவசாயத்தில், எத்தனை பேரிடம் நூறு நாள் வேலை அட்டை, கண்மாய்ப் பாசனம் எத்தனை ஏக்கர், கடைசி வீட்டிலிருந்து மாநகராட்சி அலுவலகம் எத்தனை கிலோமீட்டர். ஊராட்சிச் செயலரிடமும் விஏஓவிடமும் பாதிக் கணக்கு இருக்கும். மீதியை ஊரில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள்.

இழப்பு என்று எழுதினால் நிஜமான இழப்பை எழுதுங்கள். ஊரக வேலைத் திட்டம் நகர்ப்புறத்துக்குக் கிடையாது. வீட்டு வரியும் காலியிட வரியும் மாநகராட்சி விகிதத்துக்குப் போகும். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்காது. வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று உண்டு, ஆனால் ஊர் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது போல் அது ஆகாது. கட்சிச் சின்னம் இல்லாமல் நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில், வார்டில் ஒரு கவுன்சிலர். யாருமே கவனிக்காத இன்னொன்று: 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி இழப்பீட்டுக்குச் சந்தை மதிப்பைப் பெருக்கும் காரணி ஊரகத்தில் 1 முதல் 2 வரை போகலாம், நகரத்தில் 1 மட்டுமே. நாளைக்குச் சுற்றுச்சாலைக்கு நிலம் எடுத்தால் அப்போது புரியும்.

ஆனால் 'பட்டா செல்லாமல் போய்விடும்', 'ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள்' என்றெல்லாம் தயவுசெய்து எழுதாதீர்கள். பட்டா இருப்பது வருவாய்த் துறையின் வருவாய் கிராமக் கணக்கில்; அது வேறு, ஊராட்சி வேறு. ஒரு பொய் இருந்தால் மற்ற ஒன்பது உண்மையும் அதோடு குப்பைக்குப் போகும்.

சேர்வதே நல்லது என்று நினைக்கும் ஊர்களும் உண்டு, குடிநீருக்காகவும் சாக்கடைக்காகவும். அது அவர்கள் முடிவு.

இன்னொரு சிக்கல். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அரசு நியமித்த அலுவலர் அரசின் அறிவிப்பை எதிர்த்து எழுதுவார் என்று காத்திருக்கிறீர்களா? வீட்டுக்கு ஒருவர் எழுத வேண்டும். ஒரே மனுவில் ஐந்நூறு கையெழுத்தைவிடத் தனித்தனியாக ஐந்நூறு மனு மேல். அறிவிப்பில் சொன்ன முகவரிக்கே, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். (பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அதற்கும் இணைப்புதான்!) ரசீதைத் தொலைக்காதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சாலை மறியல் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும், ஆனால் தபால் போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.

வேனில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இறுதி அறிவிப்பு இன்னும் வரவில்லை என்பதால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி இப்போதாவது அனுப்பச் சொன்னேன். வந்த ஆட்சேபனைகளை யார், எப்படிப் பரிசீலித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொன்னேன். பலன் இருக்குமா என்று பெரியவர் கேட்டார். கெடுவுக்குள் வந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றேன். அவர் தீர்மானத்தை மறுபடி பையில் வைக்கப் போனார். வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மனுவோடும் பின் பண்ணுங்கள் என்றேன்.